முப்பத்தெட்டு மதிப்பெண்

நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குக் காலை டிபன்தான் ராத்திரிச் சாப்பாடு. அதனால் நான் இரண்டாவது பிளேட் பொங்கல் வாங்கியதைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட வேண்டாம், சார். எங்கள் கல்லூரிக் கேன்டீனில் பொங்கல் நன்றாக இருக்கும். மிளகை முழுசாகப் போடுவார்கள், பொறுக்கி ஓரமாக வைக்க வசதி. நீங்களும் ஒரு பிளேட் சொல்லியிருக்கலாம்.

இணைக்கரைத் திட்டத்தால் எனக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். பல்கலைக்கழகம் இதை மற்ற கல்லூரிகளிலும் கொண்டுவரலாமா என்று பார்க்கத்தான் உங்களை அனுப்பியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். தாராளமாகக் கொண்டுவரலாம். என் வாழ்க்கையில் எனக்காகச் செய்யப்பட்ட ஒரே நல்ல காரியம் இந்தத் திட்டம்தான். ஆனால் உங்கள் கையில் இருக்கிற விவரத்தில் என் பெயருக்கு நேராகத் தோல்வி என்று இருக்கும். அதை நம்பி நீங்கள் திட்டத்தைக் குறை சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் தூங்கப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் படிப்பை விட்ட கதை. அப்பா படுத்துவிட்டார், வீட்டில் கஷ்டம் என்று ஏதாவது எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கணக்குப் பட்டப்படிப்பு மூன்றாம் வருஷத்தில் ஒரு வாரம் சோம்பலில் வரவில்லை. அடுத்த வாரம் வர வெட்கமாக இருந்தது. யாராவது ஏன் வரவில்லை என்று கேட்டால் போகலாம் என்று திருப்புட்குழியில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவில் கொஞ்ச நாள் வெங்கடேசன் என்று வாசித்தார்களாம், பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார்களாம். மூன்று பேப்பர் அரியரோடு நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனிக்குப் போனேன். அங்கே இயந்திரம் துளை போடும். சரியான இடத்தில் போடுகிறதா என்று நான் பார்க்க வேண்டும். அது எப்போதும் சரியான இடத்தில்தான் போடும். விடியும்வரை நடக்காத ஒரு தப்புக்காகக் கண் விழித்திருப்பதுதான் என் உத்தியோகம். நான் ஒரு நாள் போகாவிட்டால் இன்னொருவன் நின்று பார்ப்பான். இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் கமலாட்சி மேடம் இந்தத் திட்டத்தை ஆரம்பித்தார். படிப்பை விட்டவர்கள் திரும்பி வந்து அரியரை முடிக்கலாம், நன்றாகப் படிக்கிற மாணவர் ஒருவரை ஒவ்வொருவருக்கும் ஜோடியாகப் போடுவோம் என்றார். புள்ளியியல் பேராசிரியை, ஆனால் தறிக்காரர் வீட்டுப் பெண். தொடக்க விழாவில் பட்டுச் சேலைக் கரையைப் பிடித்துக் காட்டிப் பேசினார். கோர்வைச் சேலை நெய்யும்போது ஊடை நூல் ஓட்டுகிற நாடா கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இரண்டு பேர் உட்கார்ந்து போடுவார்கள், ஒருவர் கை நின்றால் இன்னொருவர் கையும் நிற்க வேண்டும், அப்படித்தான் நீங்களும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அதையே விதியாகவும் போட்டார். சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஆனர்ஸ் பட்டத்துக்கு வேண்டிய கூடுதல் கிரெடிட் இந்தத் திட்டத்தில் கிடைக்கும். ஆனால் ஜோடி பாஸாகும்வரை கிரெடிட் நிலுவையில் நிற்கும். வருஷத்தின் நடுவில் ஜோடி மாற்றவும் முடியாது. நடுவில் கை மாறினால் துணியில் கோடு விழும் என்பார்.

நல்ல விதி. இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும். ஒரே ஒரு விஷயத்தை மேடம் கவனிக்கவில்லை. தறி நின்றால் இரண்டு பேருக்கும் கூலி போகும். அதனால் யாரும் வேண்டுமென்று கையை நிறுத்தமாட்டார்கள். இதில் நான் நின்றால் எனக்கு எதுவும் போகாது. கம்பெனிக்கு என் அரியரைப் பற்றிக் கவலை இல்லை.

இதை நான் முதல் நாளே கண்டுபிடிக்கவில்லை, சார். நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. முதல் வருஷம் எனக்கு ஜோடி ஜெபகுமார். அமைதியான ஆள். தினமும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே, திட்டத்து ஜோடிகள் எல்லாரும் படிக்கிற அறையில் எனக்காக உட்கார்ந்திருப்பான். நான் வராத நாளில் பஸ் பிடித்துத் திருப்புட்குழிக்கே வந்துவிடுவான். எங்கம்மா ரேணுகாம்பாள் அவனுக்குத் தோசை சுட்டுப் போட்டு, நம்ம வீட்டுக்கும் ஒருத்தர் தேடிக்கினு வர்றாங்களே என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் மனம் வைத்துப் படித்தேன். இரண்டு பேப்பரை ஒரே மூச்சில் முடித்தேன். அவனுக்கு அவ்வளவுதான் தேவை. கிரெடிட் ஏறிவிட்டது, ஆனர்ஸ் கிடைத்தது, கோயம்புத்தூரில் வேலைக்குப் போகப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். ரிசல்ட் வந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலையை ஆட்டினான். நான் பக்கத்தில் போவதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ் வந்ததில் அவனுக்கு நிம்மதி என்று எனக்குத் தோன்றியது. அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு ஒரு பாடம் படித்தேன், அவ்வளவுதான்.

மூன்றாவது பேப்பர் நிகழ்தகவு. அதற்கு ஜோடியாக சுகாசினியைப் போட்டார்கள்.

அவளைப் பற்றி நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். வாலாஜாபாத்தில் வீடு. அப்பா சின்னப்பையன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா மேரி இங்கே ஒரு பட்டுக் கடையில் சேலை மடிக்கிறார். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தது இவள்தான், வந்த வேகத்தில் வகுப்பில் முதலாவதாகவும் வந்துவிட்டாள். முதல் நாள் நான் அறைக்குள் நுழைந்ததும் தலை தூக்கிப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னாண்ணா, தூங்கி வழிஞ்சிக்கினு வர்ற? போய் மூஞ்சக் கழுவிக்கினு வா. நீ பாஸானாத்தான் நான் பாஸு.”

அந்தத் தலை தூக்கிப் பார்த்தல்தான், சார். அதை நான் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? காலையில் மாடிப்படி ஏறும்போதே செருப்புச் சத்தத்தில் நான்தான் என்று தெரிந்துவிடும். கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஆள் வந்தானா இல்லையா என்பதில் இன்னொரு ஆளின் வருங்காலம் இருக்கிறது. நான் நுழைகிறபோது அவள் முகத்தில் நிம்மதி வரும். அந்த நிம்மதிக்கு நான் காரணம். காதலா என்று கேட்க நினைக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிடையாது. என்னை அண்ணா என்று கூப்பிடுகிற பெண். நான் அவளை ஒரு தப்பான பார்வை பார்த்தது இல்லை.

பாடம் நடத்துவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பேயஸ் தேற்றம் என்று ஒன்று. கல்லூரியில் எனக்கு அதை நடத்தினவர் கரும்பலகையைப் பார்த்தே நடத்தினார். இவள் அம்மாவின் கடையிலிருந்து ஆரம்பித்தாள்.

“சும்மா பாக்க வந்தோம்னு சொல்ற கஸ்டமர்தான்ணா மூணு பொடவ வாங்கிக்கினு போவும்னு எங்கம்மா சொல்லும். வாங்கற ஜனத்துல பாதி அப்படிச் சொல்லுது, வாங்காத ஜனத்துல முக்காவாசி அப்படிச் சொல்லுது. இப்ப ஒரு அம்மா சும்மா பாக்க வந்தேன்னு உள்ள வருது. வாங்குமா வாங்காதா, நீ சொல்லு.”

கடைக்கு வருகிற நூறு பேரில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது என்றேன். மேசையைத் தட்டிச் சிரித்தாள். அதுதாண்ணா பாடமே, நீயே சொல்லிட்ட என்றாள். இருபத்தாறு வயதில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்று மதியம் வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை.

புத்தகம் முழுவதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதை நான் அவளிடம் முழுசாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு யூனிட் முடிந்தால் அடுத்த நாள் அதில் பாதியை மறந்தவன் போல வருவேன். அவள் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது நினைத்தேன். அவளுக்கும் பாடம் இன்னும் ஆழமாகப் பதிந்தது. அவளே சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரியில் அவளுக்குப் புனேயில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. முழுச் செலவும் அவர்களுடையது. படித்து முடித்தால் அப்படியே ஆராய்ச்சிக்குப் போகலாம். ஒரே நிபந்தனை, ஆனர்ஸ் பட்டத்தோடு வர வேண்டும். ஆனர்ஸுக்கு இந்தக் கிரெடிட் வேண்டும். கிரெடிட்டுக்கு நான் வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் திருவிழா மாதிரி இருந்தது. அறையில் கோயில் இட்லி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். அவளுடைய அப்பா மில்லில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தலைமுடியில் தவிடு ஒட்டியிருக்க, மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தார். மேடத்துக்கு ஒன்று கொடுத்தார், எனக்கு மூன்று கொடுத்தார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை சாக்கு மாதிரி இருந்தது.

“எம் பொண்ணு படிப்பு உன் கையிலதான்பா இருக்குது. ஒன்னியும் கொயம்பாத, நல்லா எய்து. எங்களுக்கு வேற யாரையும் தெரியாதுபா.”

சரிங்க என்றேன். அவர் போன பிறகும் கையில் அந்தச் சொரசொரப்பு இருந்தது. யாரும் என்னிடம் எதையும் அப்படி ஒப்படைத்தது இல்லை. எங்கம்மா காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். வாலாஜாபாத்தில் மேரியம்மாவின் சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினார்களாம். சகோதரர் வெங்கடேசனுக்கு நிகழ்தகவில் ஞானம் கொடும் ஆண்டவரே என்று பாஸ்டர் கேட்டாராம். சுகாசினி அதை நடித்துக் காட்டியபோது அறையே சிரித்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஓய்ந்த நிமிஷத்தில்தான், இது ஏப்ரலோடு முடிந்துவிடும் என்று எனக்கு உறைத்தது. அவள் புனேக்கு ரயில் ஏறுவாள். எப்போதாவது லீவில் வந்தால் பஸ் ஸ்டாண்டில் தலையை ஆட்டுவாள். அந்தச் சபையில் வேறு யாருக்காவது ஜெபம் பண்ணுவார்கள்.

நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. நிதானமாகத்தான் யோசித்தேன். தேர்வுக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் அது அவளை அவமானப்படுத்துவது மாதிரி. வெற்றுத் தாள் கொடுக்கலாம். வேண்டுமென்று செய்தது என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். தோல்வி என்றால் இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் கிடைத்திருக்கும் என்று எல்லாருக்கும் தோன்ற வேண்டும். அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை விடாது. பாஸ் மார்க் நாற்பது. நான் முப்பத்தெட்டு என்று முடிவு செய்தேன்.

தேர்வு நாளில் அவள் வேப்பமரத்தடியில் எனக்காக இரண்டு பேனா, தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். முடிந்து நான் வெளியே வரும்வரை அங்கேயே நிற்பேன் என்றாள், நின்றாள். உள்ளே நான் எல்லாக் கணக்கையும் முதலில் மனதுக்குள் சரியாகப் போட்டேன். பிறகு எங்கே வழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தேன். எந்தப் படி வரைக்கும் எத்தனை மார்க் கொடுப்பார்கள் என்று அவள்தான் பழைய வினாத்தாள்களை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சில கணக்கைக் கடைசிப் படியில் விட்டேன், சிலதில் சூத்திரத்தை எழுதி எண்ணை மாற்றிப் போட்டேன். சும்மா பாஸாவதைவிட இது பல மடங்கு கடினம், சார். பாடம் முழுவதும் தெரிந்தவனால் மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. முப்பத்தெட்டு.

நான் குறி வைத்த எண் அப்படியே வந்தது. நீங்கள் புள்ளிவிவரம் பார்க்கிறவர், உங்களுக்கு அதன் அருமை தெரியும். என் கணக்கில் அது என் தோல்வி இல்லை, சுகாசினியின் கற்பித்தலுக்குக் கிடைத்த நூற்றுக்கு நூறு. இந்தத் திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதைத்தான் உங்கள் அறிக்கையில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராக வந்திருந்தேன். அவள் அறையில் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, எதிரே நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

“என்னாலதான்ணா. அஞ்சாவது யூனிட்ட நான் அவசர அவசரமா ஓட்டிட்டேன். புனே புனேன்னு என் நெனப்பெல்லாம் அங்க போயிடுச்சு. நீ ஷிஃப்ட்டு பாத்துட்டு வந்து குந்திக்கினு கேட்ட, நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல.”

அழவில்லை. விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பரவால்லம்மா, விடு,” என்றேன். “நான் ஒன்னியும் மனசுல வெச்சுக்கல.”

உண்மையிலேயே நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுமதிப்பீட்டுக்கு அவளே விண்ணப்பம் போட்டாள். இரண்டு மார்க்தானே, ஏதாவது ஒரு படியில் கிடைத்துவிடும் என்று விடைத்தாளின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். அதே நகலைக் கமலாட்சி மேடமும் பார்த்தார். மேடத்தை ஏமாற்றுவது சுலபம் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவ்வளவு பிழையில் ஒன்றுகூட முட்டாள் பண்ணுகிற பிழை இல்லையே என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வெங்கடேசா, என்னப் பாத்துச் சொல்லு. தெரிஞ்சே பண்ணியா? ஆமான்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு, அதக் கவுன்சில்ல வெச்சு அந்தப் பொண்ண நாளைக்கே விடுவிச்சுடறேன். உன்ன ஒன்னும் பண்ணமாட்டேன்பா. இந்த விதியப் போட்டது நான்தானே.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷி. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இல்ல மேடம், பதட்டத்துல மறந்துட்டேன் என்றேன். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. புனேக்கு எழுதிக் கடைசித் தேதியைத் தள்ளிப் போட வைத்தார். ஒவ்வொரு வாரமும் என்னைக் கூப்பிட்டு அதையே கேட்டார், ஒவ்வொரு வாரமும் நான் அதையே சொன்னேன். மறுமதிப்பீட்டிலும் முப்பத்தெட்டுதான் வந்தது. நான் போட்ட கணக்கு அப்படி.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. தள்ளிப் போட்ட தேதி நேற்று மாலையோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், மேடம் சொன்னார். இனிமேல் நான் உண்மையைச் சொல்வதால் எதுவும் மாறப் போவதில்லை. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், சார். யாருக்கும் எந்த மாற்றமும் வராத நேரம் வந்ததும் முதல் ஆளிடம், அதுவும் கேட்ட உடனேயே, சொல்லிவிட்டேன். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். மேடம் அந்த விதியை எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறாராம். அதை மட்டும் நீங்கள் தடுக்க வேண்டும். ஒருவர் பாஸாவதற்கும் இன்னொருவர் கிரெடிட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஆக்கிவிட்டால் பிறகு யார் யாருக்காகக் காத்திருப்பார்கள்?

சுகாசினி அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடப் போகிறாள். அதற்கும் ஆனர்ஸ் வேண்டும், அதற்கும் நான் நவம்பரில் எழுத வேண்டும். அவள் படிப்பு முடிந்துவிட்டது, இங்கே வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் தினமும் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். இந்தத் தடவை முதல் யூனிட்டிலிருந்தே ஆரம்பித்திருக்கிறாள், மிகவும் நிதானமாக நடத்துகிறாள். முன்பு மாதிரிச் சிரிப்பதில்லை. கொஞ்சம் இளைத்துவிட்டாள். பேயஸ் தேற்றத்துக்குக் கடை உதாரணத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதையே சொல்கிறாள். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். நான் சொன்னதை அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். மனம் உடைந்துவிட்டால் பாடம் நடத்த முடியாது, பிறகு நான் எப்படிப் பாஸாவது? நீங்கள் இந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தெரியும், மாடியில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இந்நேரம் நான் போயிருக்க வேண்டும். தாமதமானால் பயந்துவிடுவாள், பாவம். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.